ஏலத்துக்கு வரும் வங்கி வீடு: உண்மையிலேயே மலிவா? பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

காலைப் பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அரைப்பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வரும். கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர், சர்வே எண், நான்கெல்லை, பாக்கித் தொகை, கடைசியில் ஏலத்தின் குறைந்தபட்ச விலை. பெரும்பாலோர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். வீடு தேடி அலைகிறவர் மட்டும் அங்கே நிற்பார். "புரோக்கர் 48 லட்சம் சொன்ன ஏரியாவுல பேங்க் 40 லட்சத்துக்கே தருதே!" என்று அவருக்குத் தோன்றும்.

அந்த 8 லட்சம் வித்தியாசம் நிஜமா? பல நேரங்களில் நிஜம்தான். ஆனால் வங்கி அதைச் சும்மா தள்ளுபடி செய்யவில்லை. வங்கி செய்யாமல் விட்ட சில வேலைகளும், ஏற்க விரும்பாத சில ஆபத்துகளும் அந்த விலையோடு சேர்ந்து வாங்குபவர் தலைக்கு வருகின்றன. அதிலும் வீடு விற்பனை மந்தமாக இருக்கும் ஏரியாவில் இந்தக் கணக்கு இன்னும் தலைகீழாகப் போகும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீடு எப்படி ஏலத்துக்கு வருகிறது?

வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் கட்டப்படாமல் நின்றால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். அதன் பிறகு வங்கியின் கையில் இருக்கும் ஆயுதம் 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே, அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது.

முதல் படி, சட்டத்தின் 13(2) பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ். 60 நாட்களுக்குள் மொத்த பாக்கியையும் கட்டச் சொல்லும். கடன் வாங்கியவர் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்தும் பணம் வரவில்லை என்றால் அடுத்தது 'சுவாதீன அறிவிப்பு'. வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். இரண்டு நாளிதழ்களில், ஒன்று உள்ளூர் மொழியில், 7 நாட்களுக்குள் வெளியிடுவார்கள்.

பிறகு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு வாங்கி, குறைந்தபட்ச விலையை வங்கி நிர்ணயிக்கும். ஏல அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். முதல் ஏலம் போணியாகாமல் மறுபடி வைத்தால் 15 நாள் போதும்.

கூட்டிப் பாருங்கள்: 90 நாள், 60 நாள், 30 நாள். ஆக, முதல் தவணை தவறியதில் இருந்து ஏலம் வரை குறைந்தபட்சம் ஆறு மாதம். நடைமுறையில் இதைவிட நீளும். ஆனால் இந்த ஆறு மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மந்தமான சந்தையில் இதுதான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும் கணக்கு.

தவணை ஏன் தவறுகிறது?

வேலை இழப்பு, வியாபார நஷ்டம், மருத்துவச் செலவு என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். பொதுவான காரணம் ஒன்றும் உண்டு: வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்தில் இருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. அதாவது 2.5 சதவீதப் புள்ளிகள்.

30 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 6.75 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 22,800 ரூபாய். அதே கடன் 9.25 சதவீதத்துக்குப் போனால் சுமார் 27,500 ரூபாய். மாதம் 4,700 ரூபாய் கூடுதல். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டின. அப்போது தெரியாத வலி, ஓய்வு பெறும் வயது நெருங்கும்போதுதான் தெரியும். 2025-ல் ரெப்போ படிப்படியாக 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் அதற்குள் தடுமாறிவிட்டவருக்கு அந்த இறக்கம் தாமதமாக வந்த மழைதான்.

விற்பனை மந்தம் என்றால் என்ன அர்த்தம்?

'சென்னையில் வீட்டு விலை ஏறுது' என்று செய்தி படிப்போம். நாங்களே அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தச் செய்திகளில் வரும் எண்கள் பெரும்பாலும் பில்டர்கள் விற்கும் புது வீடுகளைப் பற்றியவை. ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த, 10, 15 வருடப் பழைய அடுக்குமாடி வீட்டின் சந்தை வேறு. அங்கே விலை விழுந்தது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். சொன்ன விலைக்கு ஆள் வராது, அவ்வளவுதான். 'விற்பனைக்கு' போர்டு வெயிலில் வெளுத்துப்போய் அங்கேயே தொங்கும்.

சென்னையின் ஓ.எம்.ஆர். பக்கம் இதற்கு நல்ல உதாரணம். ஐ.டி. வேலைகளை நம்பி 2000-களின் பிற்பாதியில் இருந்து வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. முதலீடாக இரண்டாவது வீடு வாங்கியவர்களும் நிறைய. பிறகு 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மறுபடியும் தண்ணீர் நின்றது. ஒரே சாலையில் ஒரு வளாகத்துக்கு ஆள் போட்டி போட்டு வருவார்கள். அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் வளாகத்தில் வீடு மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அடுக்குமாடி வீட்டில் விலை ஏறுவது நிலம், தேய்வது கட்டடம். உங்கள் பங்குக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பாகம், அதாவது யு.டி.எஸ்., குறைவாக இருந்தால் வருடம் போகப்போக வீட்டின் மதிப்பு பின்தங்கும். புது வீடு பக்கத்திலேயே கிடைக்கும்போது பழையதை ஏன் வாங்க வேண்டும் என்று வாங்குபவர் யோசிப்பார்.

மந்தம் முதலில் யாரை அடிக்கிறது?

கடன் வாங்கியவரை. தவணை கட்ட முடியாது என்று தெரிந்ததும் அவர் செய்யக்கூடிய நல்ல காரியம், தானே வீட்டை விற்றுக் கடனை அடைப்பது. சூடான சந்தை என்றால் இரண்டு மாதத்தில் ஆள் கிடைக்கும். மந்தமான ஏரியாவில் அந்த ஆறு மாதமும் போதாது.

13(2) நோட்டீஸ் வந்த பிறகு இன்னொரு சிக்கல். வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவரால் வீட்டை விற்கவோ, வாடகைக்கு விடவோ முடியாது. சம்மதம் கேட்டால் வங்கி தரலாம். வங்கிக்கும் வேண்டியது பணம்தானே? ஆனால் பலர் நோட்டீஸைப் பிரிக்கவே பயந்து, பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

கடனை முழுசாகக் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும் கடைசி வரை நீளாது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 'ஏலம் முடியிற வரைக்கும் டைம் இருக்கு' என்று நம்பிக்கொண்டு இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்குப் போனால் என்ன ஆகும்? கடனை விட அதிகமாகக் கிடைத்தால் மீதி, உரியவருக்குத் திரும்ப வரும். குறைவாகக் கிடைத்தால், மிச்ச பாக்கிக்காக வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீடும் போய், கடனும் நிற்கும். 'வீட்டைத்தான் எடுத்துக்கிட்டாங்களே, கடன் தீர்ந்துச்சு' என்று நினைப்பது தவறு.

அதே மந்தம் வாங்குபவரை எப்படி அடிக்கிறது?

இப்போது மேசையின் மறுபக்கம் வருவோம். ஆள் வராத ஏரியாவில் முதல் ஏலமும் பெரும்பாலும் ஆள் வராமலே முடியும். மதிப்பீட்டாளர் போட்ட விலை, மக்கள் சொல்லும் விலையை ஒட்டி இருக்கும். உண்மையில் கைமாறும் விலையை ஒட்டி இருக்காது. பிறகு வங்கி விலையைக் குறைத்து மறு ஏலம் வைக்கும். அதனால் ஒரே வீடு திரும்பத் திரும்ப விளம்பரத்தில் வந்தால், 'விலை இறங்குது, வாங்கிடலாம்' என்று பாய வேண்டாம். முந்தைய ஏலத்தில் ஏன் யாரும் வரவில்லை என்பதுதான் முதல் கேள்வி. விலை அதிகம் என்பது மட்டும் காரணமென்றால் சரி. உள்ளே ஆள் இருக்கிறார், வழக்கு இருக்கிறது, பாதை தகராறு இருக்கிறது என்றால்?

சாவி யார் கையில்?

ஏல விளம்பரத்தில் எல்லாரும் முதலில் விலையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய முதல் வார்த்தை 'சுவாதீனம்'. சுவாதீனம் என்றால் தன் வசம் இருப்பது. ஆனால் வங்கி விளம்பரத்தில் இது இரண்டு விதமாக வரும்.

ஒன்று, நேரடி சுவாதீனம். வீடு காலி, பூட்டு வங்கியுடையது, சாவி வங்கியிடம். இன்னொன்று அடையாள சுவாதீனம். ஆங்கில விளம்பரத்தில் 'சிம்பாலிக் பொசஷன்' என்று இருக்கும். வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, பேப்பரில் போட்டிருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் கடன் வாங்கியவரின் குடும்பமோ, வாடகைக்காரரோ இன்னும் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சுவாதீனம்தான். வசத்தில் ஒன்றும் இல்லை.

உள்ளே இருப்பவரை வெளியேற்ற வங்கி, சட்டத்தின் 14-வது பிரிவின் கீழ் மனுப் போட வேண்டும். சென்னையில் தலைமைப் பெருநகர குற்றவியல் நடுவரிடம், மாவட்டங்களில் கலெக்டர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரிடம். 30 நாளில், காரணம் எழுதி அதிகபட்சம் 60 நாளில் உத்தரவு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் காலக்கெடு தவறினால் அதிகாரம் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அதனால் இது மாதக்கணக்கில் இழுக்கலாம். சுவாதீனம் எடுத்துத் தருவது யார் பொறுப்பு என்று ஏல நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இதோடு, கடன் வாங்கியவர் வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. தடை உத்தரவு வந்தால், நீங்கள் கட்டிய பணம் வங்கியில் இருக்கும். வீடு உங்கள் கையில் இருக்காது.

பணம் எப்போது, எவ்வளவு கட்ட வேண்டும்?

பழக்கமான வீட்டு விற்பனையில் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதம் டைம் வாங்கி, லோன் போட்டு, நல்ல நாள் பார்த்துப் பத்திரம் முடிப்போம். ஏலத்தில் அந்த வசதி கிடையாது.

முதலில் முன்வைப்புத் தொகை. வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம் கேட்பார்கள். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், முன்வைப்பையும் சேர்த்து ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்தை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15-ம் நாளுக்குள் கட்ட வேண்டும். இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம். ஆனால் எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

கட்ட முடியாவிட்டால்? கட்டிய பணம் போச்சு. இது பயமுறுத்தலுக்குச் சொல்வது அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், 12 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தைக் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் நின்றார். அந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 3 கோடி ரூபாய்.

அதனால் 'ஏலம் எடுத்துட்டு லோனுக்கு அலையலாம்' என்ற திட்டம் வேலைக்கு ஆகாது. எந்த வங்கி கடன் தரும், எத்தனை நாளில் தரும் என்பதை முன்பே பேசி, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஏலத்துக்குப் போங்கள்.

'உள்ளது உள்ளபடி' என்ற மூன்று வரி

எல்லா ஏல அறிவிப்பிலும் வரும் வாசகம் இது. எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே, என்ன இருக்கிறதோ அதுவே என்ற அர்த்தம். சுருக்கமாக: பிறகு வந்து கேட்காதே.

மின்கட்டண பாக்கியை எடுத்துக்கொள்வோம். பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட பாக்கியை, புது இணைப்பு கேட்கும் ஏலதாரர் கட்ட வேண்டும் என்று மின் வாரியம் நிபந்தனை வைக்கலாமா? விதிகளில் அதற்கு இடம் இருந்தால் வைக்கலாம் என்று கேரள மின் வாரிய வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'உள்ளது உள்ளபடி' வாங்கியவர் விசாரித்துவிட்டுத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொத்து வரி, குடிநீர் வாரிய பாக்கி, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்பு பாக்கி எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் சங்கத்தின் பாக்கியே ஒரு லட்சத்தைத் தாண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்

இது விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கு. உங்கள் ஏரியாவுக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

புறநகரில் ஒரு இரண்டு படுக்கையறை வீடு. உரிமையாளர்கள் சொல்லும் விலை 48 லட்சம். வங்கியின் குறைந்தபட்ச விலை 40 லட்சம். நீங்கள் 41 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள். முன்வைப்பு 4 லட்சம் ஏற்கெனவே கட்டியாச்சு. 25 சதவீதம் என்பது 10.25 லட்சம்; ஆக மறுநாளுக்குள் இன்னும் 6.25 லட்சம். பிறகு 30.75 லட்சம்.

செலவுகளைக் கூட்டுவோம்:

பதிவுச் செலவு: தமிழ்நாட்டில் சாதாரண கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஏலத்தில் வங்கி தருவது விற்பனைச் சான்றிதழ். அதற்கான கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குக்கு அதே 9 சதவீதம் என்று வைத்தால் 3.69 லட்சம்.

பராமரிப்பு பாக்கி, மாதம் 3,000 வீதம் 3 வருடம்: 1.08 லட்சம்.

மின்சாரம், குடிநீர், சொத்து வரி பாக்கி: 40 ஆயிரம்.

ரிப்பேர், பெயின்ட், பிளம்பிங்: 2.5 லட்சம்.

வக்கீல், மதிப்பீட்டாளர் செலவு: 50 ஆயிரம்.

இதுவரை மொத்தம் 49.17 லட்சம். இது சாவி வங்கியிடம் இருந்தால். அடையாள சுவாதீனம் என்றால், சாவி கைக்கு வர 10 மாதம் ஆகிறது என்று வைப்போம். அதுவரை நீங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு மாதம் 15,000 வீதம் 1.5 லட்சம். 30 லட்சம் கடன் வாங்கியிருந்தால் 8 சதவீதத்தில் 10 மாத வட்டி 2 லட்சம். மொத்தம் 52.67 லட்சம்.

இப்போது ஒப்பிடுங்கள். அதே வளாகத்தில் ஒரு வீட்டை நேரடியாக 48 லட்சத்துக்கு வாங்கினால், 9 சதவீதப் பதிவுச் செலவு 4.32 லட்சம் சேர்த்து 52.32 லட்சம். அடையாள சுவாதீன வீட்டில் உங்கள் 'லாபம்' மைனஸ் 35 ஆயிரம். சாவி வங்கியிடம் இருந்த வீட்டில் லாபம் 3.15 லட்சம். விலை ஒன்றுதான், விளம்பரத்தில் ஒரே ஒரு சொல்தான் மாறியது. வித்தியாசம் மூன்றரை லட்சம்.

இன்னும் முடியவில்லை. 48 லட்சம் என்பது சொல்லும் விலை. மந்தமான ஏரியாவில் பேரம் பேசினால் 44 லட்சத்துக்கே முடியலாம். அப்போது நேரடி வாங்கலின் மொத்தச் செலவு 47.96 லட்சம். ஏலத்தில் வந்த 'மலிவு' வீடு, சாவி வங்கியிடம் இருந்தாலும்கூட 1.21 லட்சம் அதிகம்! மந்தமான சந்தையில் ஏலத்தின் பெரிய போட்டியாளர் இன்னொரு ஏலதாரர் இல்லை. ஆள் வராமல் காத்திருக்கும் பக்கத்து வீட்டு உரிமையாளர்தான். அவரிடம் நீங்கள் பேரம் பேசலாம், வீட்டை நாலு முறை பார்க்கலாம், டைம் கேட்கலாம். வங்கியிடம் இது எதுவும் முடியாது.

உண்மையான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

புரோக்கர் சொல்வதும், இணையதள விளம்பரத்தில் இருப்பதும் கேட்கும் விலை. கைமாறிய விலைக்கு ஒரு வழி இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் 'கைமாற்றுத் தொகை' என்று ஒரு இடம் இருக்கும். அதே வளாகத்தின் சர்வே எண்ணைப் போட்டு, கடந்த இரண்டு வருடத்தில் பதிவான கிரையங்களைப் பாருங்கள். எத்தனை வீடு விற்றது, என்ன தொகைக்கு என்று ஓரளவு தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் வங்கிக் கடனில் வாங்கிய வீடுகளில் தொகை நிஜத்துக்குப் பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும். இரண்டு வருடத்தில் ஒரு கிரையம்கூட இல்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

முன்வைப்பு கட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

வீட்டை நேரில் பாருங்கள். ஏல அறிவிப்பில் பார்வையிடும் தேதியும், வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் தொடர்பு எண்ணும் இருக்கும். உள்ளே போக முடியாவிட்டால் வாட்ச்மேனிடம், சங்கச் செயலாளரிடம் பேசுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்பதை அவர்களை விடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தாய்ப்பத்திரம் முதல் கடைசிப் பத்திரம் வரை நகல் கேளுங்கள். குறைந்தது 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கட்டட அனுமதி இருக்கிறதா, அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறார்களா என்று சரிபாருங்கள். வங்கி கடன் கொடுத்த சொத்துதானே, பத்திரம் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

வாடகைக்காரர் இருக்கிறாரா, அடமானத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டவரா, தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா என்று அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். ஏல விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது.

ஏலத்தை எங்கே பார்ப்பது? பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளுக்கு 'பேங்க்நெட்' என்ற இணையதளம் 2025 ஜனவரியில் புதுப்பித்துத் தொடங்கப்பட்டது. தனியார் வங்கிகள், வீட்டுக் கடன் நிறுவனங்கள் தங்கள் தளங்களிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கும். 'மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவர், உள்ளே பேசி முடிச்சுத் தரேன்' என்று பணம் கேட்பவரிடம் இருந்து விலகி நில்லுங்கள். முன்வைப்புத் தொகை அறிவிப்பில் சொன்ன வழியில் மட்டும்தான் போக வேண்டும்.

அப்படியானால் ஏல வீடே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. சாவி வங்கியிடம் இருக்க வேண்டும். பணம் தயாராக இருக்க வேண்டும். பத்திரத்தை வக்கீல் பார்த்திருக்க வேண்டும். எல்லா செலவையும் கூட்டிய பிறகும், அதே வளாகத்தில் உண்மையில் கைமாறிய விலையை விடக் குறைவாக இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒத்துவந்தால், குடியிருக்க வாங்குபவருக்கு ஏல வீடு நல்ல வாய்ப்புதான். 'வாங்கி ஆறு மாசத்துல வித்துடலாம்' என்று நினைத்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த வீட்டின் பழைய உரிமையாளரால் ஆறு மாதத்தில் விற்க முடியாததால்தான் அது ஏலத்துக்கே வந்தது. அவருக்கு வராத ஆள் உங்களுக்கு மட்டும் எப்படி வருவார்?

தவணை கட்டத் திணறிக்கொண்டு இதைப் படிப்பவருக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காதீர்கள். மூன்றாவது தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய்ப் பேசுங்கள். கடன் மறுசீரமைப்பு, ஒரே தவணையில் தீர்வு, வங்கியின் சம்மதத்தோடு நீங்களே விற்பது என்று எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். ஏரியா மந்தமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தொடங்குங்கள். கேட்கும் விலையில் இரண்டு லட்சம் இறங்குவது, ஏலத்தில் எட்டு லட்சம் இழப்பதை விட மேல்.

நாளைக் காலை பேப்பரில் அந்த விளம்பரம் மறுபடியும் வரும். விலையைப் பார்க்கும் முன் 'சுவாதீனம்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.